ஒரு பழைய நூலை மின்னூலாக்கிய ஏழு மாதங்கள்

என் பெரியப்பா எழுதி 1966-இல் அச்சான கட்டுரைத் தொகுப்பு ஒன்றின் ஒரே ஒரு பிரதிதான் எங்கள் குடும்பத்தில் எஞ்சியிருந்தது. கிரௌன் அளவில் 232 பக்கங்கள். தாள் பழுத்து, ஓரங்கள் தொட்டால் உதிரும் நிலையில் இருந்தன. அதை மின்னூலாக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டபோது இரண்டு வார இறுதிகளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். முடிக்க ஏழு மாதங்கள் ஆயின. கைக்காசு பெரிதாகச் செலவாகவில்லை. ஆனால் படம் எடுக்கும்போது அவசரப்பட்டு மிச்சப்படுத்திய நேரத்தை எல்லாம் மெய்ப்புப் பார்க்கும்போது வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கட்ட நேர்ந்தது. இதே வேலையைத் தொடங்க நினைப்பவர்களுக்கு அந்த வட்டியாவது மிஞ்சட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் முடிவு செய்திருக்க வேண்டியதை நான் கடைசியில்தான் முடிவு செய்தேன். மின்னூல் என்ற ஒரே சொல்லால் மூன்று வேறு பொருள்களைக் குறிக்கிறோம். பக்கங்களின் படங்களை வரிசையாக அடுக்கிய பிடிஎஃப் ஒன்று. அதே படங்களுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் எழுத்துகளைப் பொதிந்து, சொல் தேடும் வசதியைத் தரும் பிடிஎஃப் இன்னொன்று. திரைக்கேற்ப வரிகள் மடங்கி, எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கக்கூடிய இ-பப் கோப்பு மூன்றாவது. முதலாவதற்கு ஒரு வார உழைப்புப் போதும். இரண்டாவதில் பிழைகள் அடியில் மறைந்திருப்பதால் தேடல் சில இடங்களில் தவறினாலும் படிப்பவருக்கு இடையூறு இல்லை. மூன்றாவதில் ஒவ்வோர் எழுத்துப்பிழையும் வாசகர் கண்ணில் நேராகப் படும் என்பதால் முழு நூலையும் சொல் சொல்லாகச் சரிபார்த்தே ஆக வேண்டும். நூலைக் காப்பாற்றி வைப்பதுதான் நோக்கம் என்றால் முதல் இரண்டு வகைகளோடு நிறுத்திக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை என்பது என் கருத்து. நான் மூன்றாவதற்குப் போனதற்குக் காரணம், பார்வை மங்கிவிட்ட என் அத்தை தம் அண்ணனின் எழுத்தைக் கைப்பேசியில் பெரிய எழுத்தில் படிக்க விரும்பியதுதான்.

உரிமை பற்றிய கேள்வியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நூல் நம் அலமாரியில் இருப்பதால் அதைப் படியெடுத்துப் பரப்பும் உரிமை நமக்கு வந்துவிடாது. ஆசிரியர் மறைந்த பிறகும் குறைந்தது 50 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்க வேண்டும் என்பது பெர்ன் உடன்படிக்கையின் பொது விதி. இந்தியாவில் அது 60 ஆண்டுகள், இலங்கையிலும் சிங்கப்பூரிலும் 70 ஆண்டுகள். பெரியப்பாவின் பிள்ளைகள் மூவரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கினேன். பதிப்பாளருக்கு உரிமையை முழுமையாக விற்ற ஒப்பந்தம் ஏதும் உண்டா என்று பழைய கடிதங்களிலும் தேடினோம். அப்படி எதுவும் கிடைக்கவில்லை என்பதை உறுதிசெய்த பிறகே கோப்பை மற்றவர்களுக்குக் கொடுப்பது பற்றிப் பேசினோம்.

வேலையை வெளியில் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கக் கணக்கில் கூலி வாங்கும் ஓர் இடத்தில் மாதிரிக்குப் பத்துப் பக்கங்கள் கேட்டேன். அவர்கள் தந்த பிடிஎஃப்பைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எழுத்துகளைச் சுற்றிச் சாம்பல் நிறப் புகை படிந்தது போலிருந்தது. 150 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 150 புள்ளிகள் வீதம் ஸ்கேன் செய்து, மிகையாக அமுக்கிய ஜேபெக் படங்களாக வைத்திருந்தார்கள். வெளியில் கொடுப்பதாக இருந்தால் அச்சு எழுத்துக்கு 300 டிபிஐ, அடிக்குறிப்பு போன்ற பொடி எழுத்துக்கு 400 டிபிஐ, பிடிஎஃப்போடு கூடவே அமுக்கப்படாத மூலப் படங்கள் என்ற மூன்றையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். மூலப் படங்களைத் தராமல் பிடிஎஃப்பை மட்டும் தருவது, படச்சுருளை வைத்துக்கொண்டு புகைப்படத்தை மட்டும் கொடுப்பதற்குச் சமம். பிரதி ஒன்றுக்கு மேல் இருந்து, அவற்றில் ஒன்றை இழக்க மனமும் இருந்தால், முதுகை வெட்டித் தாள்களைப் பிரித்து, தானே தாளை இழுத்துக்கொள்ளும் வருடியில் (ஸ்கேனரில்) கொடுப்பதே எல்லாவற்றிலும் விரைவானது, மலிவானது. எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று என்பதால் அந்த வழி அடைபட்டது. தட்டை வருடியில் வைத்தாலோ ஒவ்வொரு பக்கத்துக்கும் நூலைக் கவிழ்த்து அழுத்த வேண்டும். நான்காவது பக்கத்திலேயே முதுகுத் தையல் முனகத் தொடங்கியதும் அதை நிறுத்திவிட்டுக் கைப்பேசிக் கேமராவுக்கு மாறினேன்.

கைப்பேசியால் எடுத்த முதல் 60 பக்கங்களும் குப்பைக்குப் போயின. இரவில், தலைக்கு மேலே எரிந்த ஒற்றை விளக்கொளியில், நூலை ஒரு கையால் விரித்துப் பிடித்து மறு கையால் எடுத்தேன். சிறிய திரையில் பார்த்தபோது எல்லாம் படிக்கக்கூடியதாகவே தெரிந்தது. கணினியில் திறந்ததும்தான் தையலோர வரிகள் வளைந்து ஓடுவதும், என் தலையின் நிழல் பக்கத்தின் பாதியை மறைத்திருப்பதும், விரல் அடியில் இரண்டு வரிகள் போயிருப்பதும் தெரிந்தன. மனிதக் கண் இவற்றை எல்லாம் பொறுத்துக்கொள்ளும், படத்திலுள்ள எழுத்தைப் படித்துக் கணினி உரையாக்கும் மென்பொருளான எழுத்துணரி பொறுக்காது.

இரண்டாம் முறை அரை நாளைச் செலவிட்டு ஒரு நிலையான ஏற்பாட்டைச் செய்தேன். தடித்த அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி, நூல் முழுதாக விரியாமல் ஏறத்தாழ 100 பாகையில் சாய்ந்து இருக்கும்படி ஒரு தொட்டில் செய்தேன். இதில் முதுகுக்கு நோவு இல்லை. பழைய புகைப்படச் சட்டகம் ஒன்றின் கண்ணாடியை, விளிம்புகளில் ஒட்டுநாடா சுற்றி, எடுக்கும் பக்கத்தின் மேல் மெல்லப் பொருத்தியதும் வளைவு பெரும்பாலும் மறைந்தது. கண்ணாடியில் விளக்கு பிரதிபலிக்காமலிருக்க வேண்டுமானால் ஒளி மேலிருந்து வரக் கூடாது. இருபுறமும் 45 பாகையில் சரிந்த இரண்டு ஒரே மாதிரி விளக்குகள் வேண்டும், அல்லது நேர்வெயில் படாத சன்னலோரம் வேண்டும். கைப்பேசி பக்கத்துக்கு நேர் இணையாக ஒரு தாங்கியில் நின்றது. குவியத்தையும் ஒளியளவையும் பூட்டிவிட்டு, கை படாமலிருக்கக் காதொலிக் கம்பியின் ஒலிப் பொத்தானை அழுத்திப் படமெடுத்தேன். வலப்பக்கங்கள் அனைத்தையும் ஒரே மூச்சில் எடுத்து முடித்து, நூலைத் திருப்பி வைத்து, பிறகு இடப்பக்கங்கள் அனைத்தையும் எடுத்தேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏற்பாட்டை மாற்றுவதைவிட இது பல மடங்கு விரைவு. ஒற்றைப்படை எண்களையும் இரட்டைப்படை எண்களையும் பின்னல் போலக் கோத்துக்கொள்ள, கோப்புகளுக்கு மொத்தமாகப் பெயர் மாற்றித் தரும் இலவச நிரல் ஒன்று போதும். பக்கங்கள் அனைத்தும் மூன்றரை மணி நேரத்தில் முடிந்தன.

இந்த வேலைக்குப் புதிய கேமரா வாங்க வேண்டுமோ என்று தயங்குபவர்களுக்காக ஒரு கணக்கு. 12 மெகாபிக்சல் படம் என்பது 4000-க்கு 3000 புள்ளிகள். கிரௌன் பக்கத்தின் உயரம் ஏறத்தாழ 18 சென்டிமீட்டர், அதாவது 7 அங்குலத்துக்குச் சற்று மேல். பக்கம் படத்தின் உயரத்தில் ஐந்தில் நான்கு பங்கை நிரப்பினால்கூட அங்குலத்துக்கு 450 புள்ளிகள் கிடைத்துவிடுகின்றன. ஆகவே சாதாரணக் கைப்பேசியே தேவைக்கு மிஞ்சியது. பெரிய மெகாபிக்சல் எண்ணைத் துரத்துவதைவிட லென்ஸைத் துடைப்பது பயன் தரும். நான் 40 பக்கங்கள் எடுத்த பிறகுதான் துடைத்தேன்.

படங்களைச் சீராக்க ஸ்கேன் டெய்லர் என்ற கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தினேன். சாய்ந்த வரிகளை நிமிர்த்துவது, எழுத்துப் பகுதியை மட்டும் வெட்டியெடுப்பது, எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே அளவு ஓரம் விடுவது, பழுப்புத் தாளை வெள்ளையாகவும் மையைக் கறுப்பாகவும் பிரிப்பது ஆகிய அனைத்தையும் அது செய்கிறது. இங்கேதான் என் ஏழு மாதங்களில் ஒன்று போயிற்று. தாளில் இருந்த கறைகளும் பூச்சியரித்த புள்ளிகளும் கண்ணை உறுத்தியதால், புள்ளி நீக்கும் வசதியை அதன் உச்ச அளவில் வைத்தேன். பக்கங்கள் பளிச்சென்று வந்தன. எழுத்துணரிக்குக் கொடுத்த பின், "அவன்" எல்லாம் "அவன" என்றும் "கண்கள்" எல்லாம் "கணகள" என்றும் வந்தபோது முதலில் எழுத்துணரியைத்தான் நொந்துகொண்டேன். படத்தைத் திறந்து பார்த்தால் மெய்யெழுத்துகளின் தலையில் புள்ளியே இல்லை. அதையும் அழுக்கு என்று எண்ணித் துடைத்துவிட்டிருந்தது மென்பொருள். ரோமன் எழுத்தில் மேற்புள்ளி தேவைப்படுவது ஓரிரு எழுத்துகளுக்குத்தான். தமிழிலோ புள்ளி போனால் சொல்லே போய்விடுகிறது. தமிழ் நூலுக்கு அந்த வசதியை அணைத்தே வைக்க வேண்டும், அல்லது மிகக் குறைந்த அளவில் வைத்து ஐந்து பக்கங்களைப் பெரிதாக்கிச் சரிபார்த்த பிறகே மற்றவற்றுக்குப் போக வேண்டும்.

எழுத்துணரியாக இரண்டை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்று டெஸராக்ட், ஹெவ்லெட் பேக்கார்ட் நிறுவனத்தில் 1985-இல் தொடங்கி உருவாக்கப்பட்டு, 2005-இல் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது. தமிழுக்கான மொழித் தரவைத் தனியே இறக்கிக்கொள்ள வேண்டும். அதில் விரைவானது ஒன்றும் துல்லியமானது ஒன்றும் இருக்கின்றன, இரண்டாவதையே எடுக்க வேண்டும். மற்றொன்று, கூகுள் டிரைவில் 2 மெகாபைட்டுக்கு மிகாத படமாக ஏற்றி, கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்தால் படத்துக்குக் கீழே எழுத்தாக்கிக் கொடுக்கும் முறை. என் நூலில் இரண்டாவதே குறைவாகப் பிழைவிட்டது. ஆனால் வேறொரு நண்பரின் புதிய நூலில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆகையால் மற்றவர் பரிந்துரையை நம்பாமல், முன்பகுதியிலிருந்து இரண்டு, நடுவிலிருந்து இரண்டு, மங்கலான பக்கம் ஒன்று என ஐந்து பக்கங்களை இரண்டிலும் இட்டுப் பிழைகளை எண்ணிப் பார்ப்பதே நல்லது. அப்படி எண்ணும்போது நூற்றுக்கு 98 என்ற துல்லியம் காதுக்கு இனிமையாக இருக்கும். பக்கத்துக்கு 1,200 எழுத்துகள் என்றால் அதில் 24 பிழைகள்; 232 பக்கங்களுக்கு 5,500-க்கு மேல். அந்த எண்ணைத் தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான் என் இரண்டு வார இறுதிக் கணக்கைக் கைவிட்டேன்.

1966-இல் அச்சான நூல் என்பதால் எழுத்துகளிலும் ஒரு சிக்கல் இருந்தது. தமிழ்நாடு அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன், ணை, லை, ளை, னை ஆகியவற்றைத் துதிக்கை போன்ற வளைவோடும், ணா, றா, னா ஆகியவற்றைத் தனிக்கால் இல்லாமல் ஒரே சுழியாகவும் அச்சிட்டார்கள். கணினியில் எழுத்துகளைப் பதிவதற்கான பொதுத் தரமான யுனிகோடில் இவற்றுக்கென்று தனிக் குறியிடங்கள் கிடையாது. பழைய வடிவமும் புதிய வடிவமும் ஒரே எழுத்துதான், தோற்றம் மட்டும் எழுத்துருவைப் பொறுத்தது. எனவே சேமித்து வைப்பதில் சிக்கல் இல்லை. புதிய வடிவங்களுக்குப் பழகிய எழுத்துணரி அவற்றைப் படிப்பதில்தான் தடுமாறியது; ஒரே எழுத்தை ஒரு பக்கத்தில் ஒரு விதமாகவும் அடுத்த பக்கத்தில் வேறு விதமாகவும் எழுதியது. தவறுவதாக இருந்தால் ஒரே மாதிரி தவறினால்கூட மொத்தமாக மாற்றிவிடலாம்; இந்தத் தடுமாற்றத்தைக் கையால்தான் திருத்த முடிந்தது.

மொத்தமாக மாற்றுவதிலும் ஒருமுறை சுட்டுக்கொண்டேன். "ஔவை" என்று இருக்க வேண்டிய இடங்களில் ஒகரத்தையும் ளகரத்தையும் தனித்தனியே இட்டு எழுத்துணரி எழுதியிருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் கிடைக்காது. நூல் முழுவதும் "ஒள" என்பதை "ஔ" என்று மாற்று என ஆணையிட்டேன். ஒளி, ஒளிந்து, ஒளிவட்டம் என்று அந்த இரண்டு எழுத்துகளில் தொடங்கிய நல்ல சொற்கள் அனைத்தும் ஒரே நொடியில் உருக்குலைந்தன. முந்தைய படியை வேறு பெயரில் சேமித்து வைத்திருந்ததால் தப்பினேன். அன்றுமுதல் ஒவ்வொரு மாற்றத்தையும் இடம் இடமாகக் காட்டச் சொல்லி, பார்த்த பிறகே ஏற்கிறேன். இதே வகையில் கவனிக்க வேண்டியவை இன்னும் சில: துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரம் வருவது, தமிழ் எண்களான ௧, ௭, ௮ ஆகியவை க, எ, அ என்னும் எழுத்துகளின் இடத்தில் புகுவது, கொம்பும் காலும் சேர்ந்த ஒகர உயிர்மெய்க் குறி ஓரிடத்தில் ஒற்றைக் குறியாகவும் இன்னோரிடத்தில் இரண்டு குறிகளாகவும் பதிவாவது. கடைசியாகச் சொன்னதை யுனிகோடு இயல்பாக்கம் என்ற வசதி ஒரே தட்டில் சரிசெய்துவிடும்.

மெய்ப்பில் என்னை மிகவும் அலைக்கழித்தது வரியீறு. பழைய தமிழ் நூல்களில் வரி நிறைந்த இடத்தில் சொல்லை எங்கு வேண்டுமானாலும் முறிப்பார்கள், இணைப்புக்குறியும் இட மாட்டார்கள். "செய்துகொண்" என்று ஒரு வரி முடிந்து "டிருந்தார்" என்று அடுத்த வரி தொடங்கும். வரிகளை இணைத்துப் பத்தியாக்கும்போது இடைவெளி விட வேண்டுமா, ஒட்ட வேண்டுமா என்பது மென்பொருளுக்குத் தெரியாது. ஒவ்வொரு வரியீற்றையும் மனிதர்தான் பார்த்தாக வேண்டும். படத்தை மேலே காட்டும் தேடக்கூடிய பிடிஎஃப்பில் இந்தத் தொல்லை கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதும், அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று முன்னே சொன்னதற்கு ஒரு காரணம்.

மெய்ப்புக்கு இரண்டு வழிகளைச் சேர்த்துப் பயன்படுத்தினேன். கணினி உரையை வாய்விட்டுப் படிக்க, நான் அச்சு நூலில் கண்ணோட்டினேன். விடுபட்ட வரியும் இருமுறை வந்த சொல்லும் முறிந்த சொல்லும் காதில் உடனே இடறின. ஆனால் காதை முழுதும் நம்பக் கூடாது. பனிக்கும் பணிக்கும், அரைக்கும் அறைக்கும் உள்ள வேறுபாடு எந்திரக் குரலில் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. அதற்காக, நூலில் உள்ள எல்லாச் சொற்களையும் தனித்தனியாகப் பிரித்து, எத்தனை முறை வருகின்றன என்ற எண்ணிக்கையோடு ஒரு பட்டியலாக்கினேன். ஒரே ஒரு முறை வந்த சொற்களில்தான் பிழைகள் மண்டிக்கிடந்தன. அதற்குப் பிறகும் என் கண்ணுக்குத் தப்பியவற்றைப் பெரியப்பாவின் மகள் பிடித்தார். பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் எழுத்தாக்கும் விக்கிமூலம் என்ற இணையத்தளத்தில் ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சளாகும், இன்னொருவர் சரிபார்த்த பிறகே பச்சையாகும். அந்த ஒழுங்கையே நாங்களும் வைத்துக்கொண்டோம். அக்கா முதல் நாளே தொலைபேசியில் அழைத்து, "பதினெட்டாம் பக்கத்துல அப்பா கல்யாணத்துல கலந்துகிட்டார்னு இருக்கணும், நீ கலந்துகிட்டாள்னு போட்டிருக்கே" என்றார். அந்தப் பக்கத்தை நான் மூன்று முறை பார்த்திருந்தேன். மை பரவி எழுத்துணரி கைவிட்ட ஒன்பது பக்கங்களைக் கைப்பேசியின் குரல்வழித் தட்டச்சில் நானே வாசித்து ஏற்றினேன். நிறுத்தக்குறிகளை மட்டும் பின்னர் இட வேண்டியிருந்தது. தட்டச்சு தெரியாதவர்களுக்கு இது நல்ல துணை.

ஆசிரியரின் மொழிநடையைத் திருத்தும் ஆசை வரும், அடக்கிக்கொள்ள வேண்டும். பழைய எழுத்துக்கூட்டலையும் ஒற்றுகளையும் அவர் எழுதியபடியே விட்டேன். அச்சுக்கோப்பவரின் வெளிப்படையான பிழைகளை மட்டும் திருத்தி, அவற்றைத் தனியே குறித்துவைத்தேன். நூலின் கடைசித் தாளில் அவர்களே ஒரு பிழைதிருத்தப் பட்டியல் அச்சிட்டிருந்தார்கள். அதை நான் கவனித்தது, அதில் உள்ள பிழைகளில் பாதியை நானே தேடிப்பிடித்து முடித்த பிறகு.

திருத்திய உரையிலிருந்து மின்னூல் செய்வது எளிது. லிப்ரே ஆபீஸில் தலைப்புகளுக்கு உரிய தலைப்புப் பாணியைக் கொடுத்துவிட்டால், இ-பப்பாக ஏற்றுமதி செய்யும்போது பொருளடக்கம் தானே அமைந்துவிடுகிறது. நுண்ணிய திருத்தங்களுக்குச் சிகில், மற்ற வடிவங்களுக்கு மாற்றக் காலிபர், எல்லாமே இலவசம். உரையிலிருந்து உருவாக்கிய பிடிஎஃப்பை மட்டும் மூலமாக வைத்துக்கொள்ளக் கூடாது. அதிலிருந்து தமிழைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் கொம்புகளும் கால்களும் இடம் மாறிச் சிதறுவது வழக்கம். மூலப் படங்கள் ஏறத்தாழ ஒரு கிகாபைட் வந்தன. அவற்றையும் திருத்திய உரையையும் மூன்று படிகளாக்கி, ஒன்றை அக்கா வீட்டில் வைத்திருக்கிறோம்.

113, 114-ஆம் பக்கங்கள் இருந்த தாள் எங்கள் பிரதியில் கிழிந்து போயிருந்தது என்பது பக்க எண்களைச் சரிபார்க்கும்போதுதான் தெரியவந்தது. இன்னொரு பிரதி ஒரு நூலகத்தின் பட்டியலில் இருப்பதைக் கண்டு, அந்த இரண்டு பக்கங்களின் படத்தை மட்டும் கேட்டு எழுதியிருக்கிறேன். அத்தையின் கைப்பேசியில் இருக்கும் கோப்பில் அந்த இடத்தில் "இங்கே ஒரு தாள் இல்லை" என்று ஒரு வரி இருக்கிறது. அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று தமக்கு நினைவிருப்பதாகச் சொல்லி, அவர் எனக்குச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்.